பேர் எழுதாத பிறப்புப் பதிவு: முன்னோரைத் தேடும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வம்சாவளி எழுத உட்கார்ந்த வாசகர்கள் பலரும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டோம், அப்படி ஒரு பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம். பழைய பதிவேடு எதுவும் இன்றைய அடையாள அட்டை போல ஆளை நடுவில் வைத்து எழுதப்பட்டதில்லை. ஊர், தகப்பன், நாள் என்ற வரிசையில் எழுதப்பட்டது. தேடுவதும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: என் தாத்தா லால்குடி தாலுகாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1-6-1932 என்று இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி எங்கே போவது? (வாசகர், திருச்சி)

அதே அலுவலகத்துக்குத்தான். ஆனால் வேறு கேள்வியோடு போக வேண்டும்.

1932-இல் கிராமத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதியவர் கிராம முன்சீப். 1899-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டப்படி நடந்த பதிவு அது. பிள்ளை பிறந்த சில நாளில் தகப்பனோ தாய்மாமனோ தலையாரியோ சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அந்த நாளில் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர் வைத்த பிறகு திரும்பிப் போய் அதை எழுதச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அதனால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். உங்கள் தாத்தாவின் பெயரைச் சொன்னால் எழுத்தர் எத்தனை நாள் புரட்டினாலும் அது அங்கே இராது. அவருடைய தகப்பன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தாயார் பெயரும் தெரிந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தேதி. ஜூன் முதல் தேதி என்றாலே சந்தேகப்பட வேண்டும். பள்ளி திறப்பது ஜூனில். சேர்க்க வரும் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடுகிறானா என்று பார்த்துவிட்டு, வாத்தியாரே மே, ஜூனில் ஒரு தேதி போட்டுக்கொள்வது பரவலாக இருந்த வழக்கம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய அந்தத் தேதியே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும், அங்கிருந்து உத்தியோகப் பதிவுக்கும் நகர்ந்தது. எனவே 1932-ஐ மட்டும் பார்க்காமல் 1929 முதல் 1934 வரை பார்க்கச் சொல்லுங்கள். தேடல் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், முதலில் 1931, 1932, 1933 ஆகிய மூன்றுக்கும் கட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் விரிப்பது நல்லது.

மூன்றாவது, பிறந்த இடம். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த ஊர்க் கணக்கில்தான் பதிவு ஏறும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். உங்கள் தாத்தா தலைச்சன் பிள்ளை என்றால், லால்குடிப் பக்கத்துப் பதிவேட்டைத் தொடும் முன் அவருடைய அம்மா பிறந்த ஊர் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அது வேறு தாலுகாவாக, வேறு மாவட்டமாகக்கூட இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குத் தகப்பன் ஊரைப் பாருங்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் குக்கிராமத்தை. பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். நிலத்தின் பட்டாவையோ பழைய கிரயப் பத்திரத்தையோ எடுத்துப் பார்த்தால் வருவாய்க் கிராமத்தின் பெயர் அதில் இருக்கும். பட்டி, பாளையம், புரம் என்று ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர் இருந்தால் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. ஆனால் பழைய பதிவேடுகள் அவரிடம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிராமப் பதிவேடுகள் நிரந்தரமாக இருக்க வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே சில ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் தாலுகா அலுவலகப் பதிவறையிலும் விசாரியுங்கள். நகராட்சி, மாநகராட்சி தங்கள் எல்லைக்குள் நடந்ததைத் தாங்களே வைத்திருக்கின்றன. கிராமமாக இருந்து பிறகு நகராட்சியோடு சேர்ந்த ஊர் என்றால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இவ்வளவே: தகப்பன் பெயர், தாய் பெயர், வருவாய்க் கிராமம், குக்கிராமம், ஆணா பெண்ணா, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, குழந்தையின் பெயர் பதிவில் இல்லாமலும் இருக்கலாம் என்ற ஒரு வரி. பதிவு கிடைத்தால் அச்சடித்த சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பதிவின் எல்லாக் கட்டங்களும் அடங்கிய நகல் வேண்டும் என்று கேளுங்கள். தகப்பனின் தொழில், குடியிருந்த இடம், தகவல் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் சான்றிதழில் வராது. தகவல் கொடுத்தவர் பெரும்பாலும் சொந்தக்காரர். நீங்கள் கேள்விப்படாத ஒரு தாய்மாமன் அந்தக் கட்டத்தில் இருக்கக்கூடும்.

கடைசிவரை கிடைக்காவிட்டால் படிவம் 10-இல் 'பதிவு இல்லை' என்று எழுத்துமூலம் சான்று தருவார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ன ஊர்ப் பதிவேட்டில் இன்னின்ன ஆண்டுகளில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். எந்த ஆண்டுகளைப் பார்த்து முடித்தோம் என்பதற்கு அது நல்ல குறிப்பு.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரில் 1908, 1910, 1913 என்று மூன்று ஆண் குழந்தைகள் பதிவில் இருக்கின்றன. மூன்றிலும் பெயர் இல்லை. வீட்டில் அவர் ஒரே பிள்ளை என்றுதான் சொல்வார்கள். எது அவர்? அவர் பெயர் பிச்சை. (வாசகி, மதுரை)

பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் உருட்டி எடுத்து குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் 1913-இல் பிறந்தவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்க அதிக வாய்ப்பு.

உறுதி செய்ய இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள். அதே ஊரில் 1908 முதல் 1914 வரை, அதே தகப்பன் பெயரில், ஐந்து வயதுக்குட்பட்ட ஆண் குழந்தை இறப்பு இரண்டு இருந்தால் கணக்கு நேராகிவிடும். இறப்புப் பதிவில் வயதை மாதக் கணக்கில் போட்டிருந்தால் எந்தப் பிறப்போடு எந்த இறப்பு சேரும் என்பதும் தெரியும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. இறந்த குழந்தைக்கு வைத்த பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. தாத்தா பெயர் பேரனுக்கு என்ற வழக்கத்தால் ஒன்றுவிட்ட தலைமுறைகளிலும் ஒரே பெயர் வரும். ஒரே பெயரில் இரண்டு பதிவு கண்ணில் பட்டால், தகப்பன் பெயரையும் வயதையும் பார்க்காமல் இரண்டும் ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: பாட்டியின் ஜாதக ஓலை கிடைத்திருக்கிறது. ராசிக் கட்டம் தெளிவாக இருக்கிறது. வருஷம் எழுதிய ஓரம் பூச்சி அரித்துப் போய்விட்டது. கட்டத்தை வைத்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

முடியும். பிறப்புப் பதிவேடு தொடங்காத காலத்துக்குக்கூட இந்த வழி எட்டும் என்பதால் விரிவாகச் சொல்கிறோம். பலன் பார்ப்பதில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. எந்தக் கிரகம் எந்த ராசியில் நின்றது என்பது வானத்தின் கணக்கு.

முதலில் சனியையும் குருவையும் பாருங்கள். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நிற்கும். ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. குரு ராசிக்கு ஓராண்டு. சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் இன்னின்ன ராசியில் என்று சேர்த்துப் பார்த்தால், அந்த அமைப்பு மறுபடி வர ஐம்பத்தொன்பது, அறுபது ஆண்டு ஆகும். சூரியன் நின்ற ராசி தமிழ் மாதத்தைச் சொல்லிவிடும்: மேஷம் சித்திரை, ரிஷபம் வைகாசி என்று வரிசையாக.

ஒரு எடுத்துக்காட்டு. கட்டத்தில் சூரியனும் குருவும் சிம்மத்தில், சனி மகரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் சிம்மத்தில் என்பதால் ஆவணி. ஆவணியில் இந்த அமைப்பு 1873, 1932, 1991 ஆகிய ஆண்டுகளில் வந்தது. மூன்றில் எது? இங்கே ராகு உதவுகிறது. ராகு பின்னோக்கி நகர்ந்து பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு சுற்று முடிப்பதால், ஐம்பத்தொன்பது ஆண்டில் மூன்று சுற்று போக இரண்டு ராசி கூடுதலாக நகர்ந்திருக்கும். 1873 ஆவணியில் ராகு மேஷத்தில், 1932-இல் கும்பத்தில், 1991-இல் தனுசில். கட்டத்தில் ராகு கும்பத்தில் இருந்தால் 1932. குடும்பத்தில் சொல்லும் உத்தேச வயதும் இதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மாதம் கிடைத்த பிறகு நாள். நட்சத்திரம் எழுதியிருந்தால், அந்த மாதத்தில் அந்த நட்சத்திரம் வந்த நாள் ஒன்று; மாதத் தொடக்கத்தில் வந்தால் கடைசியில் இன்னொரு முறையும் வரலாம். நட்சத்திரம் அழிந்துபோயிருந்தால் சந்திரன் நின்ற ராசியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை ராசி தள்ளி இருக்கிறதோ, ராசிக்கு இரண்டரைத் திதி வீதம் அமாவாசையிலிருந்து எண்ணினால் உத்தேசத் திதி வந்துவிடும். பிறகு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்திலோ, பழைய தேதிக்குக் கிரகநிலை கணிக்கும் மென்பொருளிலோ அந்த இரண்டு மூன்று நாளை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். கிழமையும் சேர்ந்துவிட்டால் சந்தேகம் வேண்டாம்.

தவறு எங்கே வரும்? பழைய வாய்பாட்டைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், வானில் தெரியும் நிலைக்கு ஏற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் சில பாகை வித்தியாசம் உண்டு. ஒரு கிரகம் ராசியின் விளிம்பில் இருந்தால் ஒன்றில் இந்தக் கட்டத்திலும் மற்றதில் அடுத்த கட்டத்திலும் விழும். பழைய ஓலைகள் பெரும்பாலும் வாக்கியத்தைப் பின்பற்றியவை. ஒரே ஒரு கிரகம் மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போனால் கணக்கைக் கைவிட வேண்டாம். இரண்டு மூன்று கிரகங்கள் பொருந்தாமல் போனால், நீங்கள் பார்ப்பது ராசிக் கட்டமா, ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டமா என்று ஒருமுறை சரிபாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் வரைந்திருப்பதால் மாற்றி எடுத்துக்கொள்வது எளிது.

கேள்வி: வீட்டுப் பத்திரத்தில் 'ஆங்கீரச ௵ ஆவணி ௴ ௨௰௩ ௳' என்று இருக்கிறது. இதை எப்படி ஆங்கிலத் தேதியாக்குவது? (வாசகர், தஞ்சாவூர்)

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௨௰௩ என்பது இரண்டு பத்து மூன்று, அதாவது 23. தமிழ் எண்ணில் ௧ (1), ௪ (4) இரண்டும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். அதே கையெழுத்தில் வேறு வரியில் 'க', 'ச' எப்படி எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆங்கீரச வருஷம் அறுபதாண்டுக்கு ஒருமுறை: 1872-73, 1932-33, 1992-93. எந்தச் சுற்று என்பதை முத்திரைத் தாளே சொல்லும். விக்டோரியா தலை என்றால் 1901-க்கு முன். ஐந்தாம் ஜார்ஜ் ஆட்சி 1910 முதல் 1936 வரை. உங்கள் தாளில் ஜார்ஜ் தலை இருந்தால் 1932 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய நாட்காட்டியை வைத்து அப்படியே கழித்தால் ஒரு நாள் பிசகும். சித்திரை முதல் தேதி இப்போது ஏப்ரல் 14-இல் வருகிறது. நூறாண்டுக்கு முன் 13-இல் வந்தது. ஆவணியும் அப்படியே ஒரு நாள் முந்தி, ஆகஸ்ட் 16-ஐ ஒட்டித் தொடங்கியது. ஆக உங்கள் தேதி 1932 செப்டம்பர் 7-ஐ ஒட்டி வரும். அன்று புதன்கிழமை. பத்திரத்தில் கிழமை எழுதியிருந்தால் முன்பின் ஒரு நாள் நகர்த்திச் சரியாக்கிக்கொள்ளலாம்.

வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டினால் வரும் ஆங்கில ஆண்டின் ஜூலையில் அந்தப் பசலி தொடங்குகிறது என்று பொருள். பசலி 1342 என்றால் 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை.

கேள்வி: நாகர்கோவில் பக்கத்துக் குறிப்புகளில் '1099 ஆடி' என்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டு பழமையானதா? (வாசகி, சென்னை)

இல்லை, அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1099 ஆடி என்பது 1924 ஜூலை, ஆகஸ்ட். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அதற்கு முந்தைய அரசுப் பதிவுகள் மலையாளத்தில் இருந்தால் வியக்க வேண்டாம்; படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள். இதே போல் திருத்தணிப் பக்கத்துக் குடும்பங்கள் 1960 ஏப்ரலுக்கு முந்தைய பதிவுகளைத் தேடும்போது, அப்போது அந்தத் தாலுகா, இன்று ஆந்திரத்திலுள்ள சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: 1920-களில் நடந்த கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி கல்யாணத்தை எந்த அலுவலகத்தில் தேடுவது? (வாசகர், சிவகங்கை)

இந்துக் குடும்பம் என்றால் எந்த அரசு அலுவலகத்திலும் தேட வேண்டாம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்குப் பிறகுதான் பதிவுக்கே வழி வந்தது. அதுவும் விரும்பினால் மட்டும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் பதிவு செய்யாத திருமணங்களே மிகுதி.

ஆனால் கல்யாணம் காகிதத்தில் தடம் விடாமல் போகவில்லை. பரணில் மொய் நோட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதி, மணமக்கள் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். அதற்கப்புறம் வரும் ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் அந்தத் தலைமுறையின் உறவு வட்டத்தையே வரைந்து காட்டும். தாய்மாமன் மொய் முதலில் எழுதப்படும் என்பதால் பெண் வழி உறவைப் பிடிக்க இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் 'இன்னார் பேத்தி, இன்னார் குமாரத்தி' என்ற வரி ஒரே மூச்சில் மூன்று தலைமுறையைத் தரும்.

அடுத்து சொத்துப் பத்திரங்கள், குறிப்பாகப் பாகப்பிரிவினை. மனைவி, மைனர் பிள்ளைகள், அவர்களுடைய உத்தேச வயது, கார்டியனாகக் கையெழுத்துப் போட்டவர் எல்லாம் அதில் வருவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு இரண்டு வகை அட்டவணை உண்டு. முதலாவது ஆட்களின் பெயர் வாரியானது. இரண்டாவது சொத்து வாரியானது. வில்லங்கச் சான்று என்று கேட்டால் சொத்து வழியில்தான் தேடுவார்கள். சர்வே எண் தெரியாதவர்கள் பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

நகரத்தார் குடும்பங்களில் கல்யாணத்தன்று எழுதும் இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தம் இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பெட்டகத்தில் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனவர்களைப் புள்ளி என்று கணக்கெடுக்கும் வழக்கமும் இருப்பதால், உங்கள் பக்கத்தில் கோயில் வழியாகவும் நகர விடுதி வழியாகவும் விசாரிப்பது பயன் தரும்.

இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மணமகன், மணமகள், வலி (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எல்லாம் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆகவே ஒரே எண்ணைக் கூட்டி மாற்ற முடியாது. ஹிஜ்ரியை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1342 என்றால் 1923-24.

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பம். பாட்டனார் பெயர் சின்னப்பன். பங்குக் கோயில் பதிவேடு லத்தீனில் இருக்கிறது. அந்தப் பெயரே காணோம். (வாசகர், திண்டுக்கல்)

'பவுலுஸ்' என்று தேடுங்கள். புனிதர்களுக்குத் தமிழில் வழங்கிய பெயர்களைக் குருமார் பதிவேட்டில் லத்தீனாக்கி எழுதினார்கள். சின்னப்பன் பவுலுஸ், ராயப்பன் பெத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ், பெலவேந்திரன் அந்த்ரேயாஸ், சவேரியார் க்சாவேரியுஸ், இஞ்ஞாசி இக்னாசியுஸ். வாக்கியத்தில் இடத்துக்கேற்ப ஈறு மாறும். 'பவுலும்' என்றோ 'பவுலி' என்றோ இருந்தாலும் அதே ஆள்தான். 'நாத்துஸ்' பிறந்தவன், 'பிலியுஸ்' மகன், 'பிலியா' மகள், 'பத்ரீனி' ஞானப்பெற்றோர். இந்த நான்கு சொல் தெரிந்தால் பதிவின் எலும்புக்கூடு பிடிபட்டுவிடும்.

ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தை விடாமல் பாருங்கள். 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவித்து, அந்தப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. யாரோடு, எந்தக் கோயிலில், எந்த நாளில் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பெண்கள் மணமாகி எங்கே போனார்கள் என்று தெரியாமல் அறுந்துபோன கிளைகளை ஒட்ட வைப்பது பெரும்பாலும் இந்த ஓரக் குறிப்புதான்.

பங்கில் பதிவு இல்லையென்றால், அந்தப் பங்கு எந்தத் தாய்ப்பங்கிலிருந்து எந்த ஆண்டு பிரிந்தது என்று கேளுங்கள். பிரிவதற்கு முந்தைய பதிவேடுகள் தாய்ப்பங்கிலேயே தங்கியிருக்கும். இயேசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் காப்பகம் இருக்கிறது. அனுமதி பெற்று ஆய்வுக்குப் போகும் இடம் அது. சான்றிதழ் தரும் அலுவலகம் என்று நினைத்துப் போக வேண்டாம்.

சீர்திருத்த சபைக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பரில். அதற்கு முன் ஊர் எந்த மிஷனைச் சேர்ந்தது என்பதே முதல் கேள்வி. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத், சாயர்புரம் எஸ்.பி.ஜி.; மெய்ஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். (இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் சங்கங்கள்). மேலதிக ஆவணங்கள் எங்கே போயின என்பது அதைப் பொறுத்தது.

கேள்வி: காரைக்கால் குடும்பம். பாட்டனாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. அவருடைய தகப்பனாருக்கு இல்லை. ஏன்? (வாசகி, பாரிஸ்)

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டனாரோ அவர் பெற்றோரோ அப்படித் துறந்திருக்கலாம். துறவுப் பத்திரத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் இருக்கும். இரண்டு காலத்தையும் இணைக்கும் பாலம் அதுதான்.

புதுச்சேரி, காரைக்காலில் 'எத்தா சிவில்' எனப்படும் பிரெஞ்சு முறைப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் மற்றத் தமிழ்நாட்டுப் பதிவுகளைவிட வளமானவை. பெற்றோரின் வயது, தொழில், சாட்சிகள் எல்லாம் உண்டு. தேதி எண்ணில் இராது. பிரெஞ்சுச் சொற்களில் இருக்கும். ஆண்டின் கடைசியில் உள்ள பெயர் அட்டவணையையும், பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரித்த அட்டவணையையும் முதலில் பாருங்கள். பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பிரதேசங்களுக்கான தேசிய ஆவணக் காப்பகம் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடும்போது நம் உகரத்தை அவர்கள் ஓ, யு என்று இரண்டு எழுத்தில் எழுதுவார்கள் என்பதை மறக்காதீர்கள். முருகன் என்ற பெயரே அங்கே ஒன்பது, பத்து எழுத்தாக நீண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் 1880-களில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். இந்தியாவில் அவர் பிறப்புச் சான்று கிடைக்குமா? (வாசகர், டர்பன்)

1860-களில் பிறந்த ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அரசுப் பிறப்புப் பதிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய ஊரைத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 1860-இல் 'துரூரோ' கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த எண்ணைத் தேடித் தொடங்குங்கள். அவருடைய அல்லது பிள்ளைகளுடைய திருமண, இறப்புப் பதிவுகளில் அது குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் வருவார்கள். எண் கிடைத்தபின் முன்பின் எண்களையும் பாருங்கள். மனைவி, தம்பி, அதே ஊர்க்காரர் என்று சேர்ந்து ஏறியவர்கள் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள்.

கிராமப் பெயர் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ழகரம் எல்லாம் லகரமாகவோ ரகரமாகவோ போயிருக்கும். தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலில் ஒலி ஒத்துப்போகும் பெயரைத் தேடுங்கள். வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களோடு ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதியையும் பார்க்க வேண்டும்.

மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே சிலருக்குப் புகைப்படமே கிடைக்கிறது.

கேள்வி: கொள்ளுப்பாட்டி இறந்தது 'ஐப்பசி மாதம் தேய்பிறை நவமி' என்று திதி கொடுத்து வருகிறோம். வருஷம் தெரியாது. இறப்புப் பதிவைக் கண்டுபிடித்து, என்ன நோயால் இறந்தார் என்றும் அறிய விரும்புகிறோம். (வாசகி, சேலம்)

திதி தெரிந்திருப்பது பெரிய வசதி. முதலில் ஆண்டின் இரண்டு எல்லைகளைக் கட்டுங்கள். அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்த ஆண்டு ஒன்று. அவர் பெயரை வைத்துக்கொண்ட முதல் பேத்தி பிறந்த ஆண்டு, அல்லது 'காலஞ்சென்ற' என்று அவரைக் குறிக்கும் முதல் பத்திரம் மற்றொன்று. இடைப்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐப்பசித் தேய்பிறை நவமி எந்தத் தேதி என்று பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு என்றால் பத்துத் தேதிதான். பதிவேட்டில் அந்தத் தேதிகளையும் அதையடுத்த ஒரு வாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தகவல் தாமதமாகச் சொல்லப்பட்டிருக்கலாம்.

பெண் என்பதால் அவர் பெயருக்குப் பதிலாக 'இன்னார் பெண்சாதி' என்று கணவன் பெயரால் எழுதியிருக்கவும் கூடும். கொள்ளுத்தாத்தா பெயரையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

நோய் விவரம் சான்றிதழில் வராது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யாருக்குக் கொடுக்கும் நகலிலும் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று சொல்கிறது. அலுவலகத்தில் மறுத்தால் சட்டப்படிதான் மறுக்கிறார்கள். தவிரவும், அந்தக் கட்டத்தை எழுதியவர் கிராம முன்சீப், மருத்துவர் இல்லை. பழைய கிராமப் பதிவுகளில் கணக்கில்லாத சாவுகள் 'ஜுரம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இறந்த தேதி 1918-இன் ஐப்பசியில் விழுந்தால், அதே பக்கத்தில் அந்த மாதம் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். விஷக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய காலம் அது.